பைரவி தரைதட்டிய காலை

கோவில்பதாகையில் மணவாளன் வீடு எது என்று கேட்டால் நாலு வீட்டைக் காட்டுவார்கள். கமாண்டர் வீடு என்று கேட்டால் ஒன்றைத்தான் காட்டுவார்கள். அதே ஊரில் ஏரிப் பாசன வயலில் கூலிக்கு நாற்று நட்டவர்களின் மகன் அவர். பதினேழு வயதில் ஆவடியில் ரயிலேறிப் போய்க் கடற்படையில் சேர்ந்தார். இருபது வருடம் தளம் கழுவி, கயிறு இழுத்து, பரீட்சை மேல் பரீட்சை எழுதி அதிகாரி ஆனார். அப்படிக் கீழேயிருந்து மேலே வந்தவர்களைக் கைவிரல் விட்டு எண்ணிவிடலாம். ஓய்வு பெறும்போது லெப்டினன்ட் கமாண்டர். ஊர் அதில் முன்பாதியை வாய்க்கு வராமல் விட்டுவிட்டது.

ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டதற்குக் காரணம் எழுபத்தொன்றாம் வருடம். கிழக்கு வங்கம் தனி நாடாவதற்காகப் போராடியபோது, அந்த விடுதலைப் படைக்கென்று தயார் செய்த ஒரு பீரங்கிப் படகுக்கு அவர் தலைவராக இருந்தார். படகின் பெயர் பைரவி. தரைதட்டி நகர முடியாமல் கிடந்த படகிலிருந்து நாற்பது நிமிடம் எதிரியைச் சுட்டு, காயம்பட்டவர்களைக் கரை சேர்த்ததற்காக அவருக்கு வீரப் பதக்கம் கொடுத்தார்கள். அதில் பொய்யில்லை. அவர் சுட்டதும் உண்மை, கரை சேர்த்ததும் உண்மை. படகு ஏன் தரைதட்டியது என்பதில்தான் பொய் இருந்தது. அது தெரிந்த ஒரே ஆள் அவர்.

ஓய்வுக்குப் பிறகு அம்பத்தூர் எஸ்டேட்டில் பூட்டு செய்யும் கம்பெனி ஒன்றில் பாதுகாப்பு அதிகாரி வேலை கிடைத்தது. எண்பத்தாறாம் வருடக் கோடையில் ஒருநாள் கம்பெனி ஜெனரேட்டர் நின்றுபோய்விட்டது. குமணன்சாவடியில் கைராசியான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொல்ல, ஆளை அழைத்து வந்தார்கள். கேட்டில் நோட்டுப் புத்தகத்தில் பெயர் எழுதிக்கொண்டிருந்த அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். பேனா அப்படியே நின்றது. பிறகு குதிகால்களைச் சேர்த்து விறைப்பாக நின்றார்.

"சார், நான் கலியமூர்த்தி. பைரவில இஞ்சின் ரூம்."

மணவாளன் ஆளை ஏற இறங்கப் பார்த்தார். தலைமுடி போய், காது மடலெல்லாம் நரை முளைத்து, கலியமூர்த்தி அவரைவிட வயதானவராகத் தெரிந்தார். அவர் பதினான்கு வயது சின்னவர்.

"நல்லாகீறீங்களா சார்? பதினஞ்சி வருசம் ஆச்சி. உங்களப் பாக்கணும்னு நெனப்பேன். இன்னா மூஞ்ச வெச்சிகினு பாக்கறதுன்னு வுட்டுட்டேன். என்னால உங்களுக்கும் எவ்ளோ கஷ்டம்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப" என்றார் மணவாளன்.

அன்று மதியம் ஜெனரேட்டர் ஓடியது. ஓடிய பிறகும் கலியமூர்த்தி போகவில்லை. தண்ணீர் போகும் குழாயை மறுபடி கழற்றினார், உள்ளே விரல் விட்டுத் துழாவினார், மாட்டினார். திரும்பவும் கழற்றினார். கூட நின்ற ஃபிட்டர் சிரித்தான். "இவரு எப்பவும் இப்டித்தான் சார், மூணு தபா பாப்பாரு." மணவாளன் சிரிக்கவில்லை. கலியமூர்த்தி ஏன் மூன்று தடவை பார்க்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

*

பைரவி ஒரு பழைய இழுவைப் படகு. அதன் முன்னும் பின்னும் ஒவ்வொரு பீரங்கியைப் போல்ட் போட்டு முடுக்கிப் போர்ப்படகு என்று பெயர் வைத்தார்கள். மணவாளனையும் சேர்த்து ஆறு பேர் இந்தியக் கடற்படைக்காரர்கள். மற்ற இருபது பேரும் வங்காளிகள். கல்லூரி மாணவர்கள், மீனவர்கள், பாகிஸ்தான் கப்பல்களிலிருந்து ஓடி வந்த மாலுமிகள். சொந்த நாட்டுக்காகச் சாகத் தயாராக வந்தவர்கள். மணவாளன் அவர்களுக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கட்டளை போட்டுப் பழக்கினார். ஆறு தெரிந்த ஆள் என்று ஒரு முதியவர் சுக்கான் பக்கத்தில் நிற்பார். ரஹீம் சாரங் என்பார்கள். படகோட்டித் தலைவனுக்கு அங்கே அதுதான் பட்டம்.

இஞ்சின் அறையில் கலியமூர்த்தி. முன் பீரங்கியில் தங்கவேல். இரண்டு பேரும் கள்ளிக்குப்பத்தில் ஒரே தெரு. ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். அம்பத்தூர் பக்கத்துப் பையன்கள் என்பதால் மணவாளனுக்கு அவர்கள்மேல் தனிப் பிரியம். பொழுது சாயும் நேரத்தில் மூன்று பேரும் ஊர்ப் பேச்சு பேசிக்கொண்டிருப்பார்கள். அப்போது அவர் சாராக இருக்க மாட்டார்.

டிசம்பரில் போர் மூண்டது. துறைமுகத்தை நோக்கி இரண்டு படகுகள் கிளம்பின. மற்றதன் தலைவன் இருபத்தெட்டு வயது லெப்டினன்ட், அகாடமியில் படித்தவன். இரண்டு பேருக்கும் ஒரே பதவி, நடுவில் பதினான்கு வருட வயது. அவன் பேச்சில் மரியாதை இருந்தது, கண்ணில் இல்லை. மணவாளனுக்கு அப்படித் தோன்றியது. உண்மையா என்று இன்றுவரை தெரியாது.

ஒன்பதாம் தேதி காலை ஆறு இரண்டாகப் பிரியும் இடத்துக்கு வந்தார்கள். பெரிய வாய்க்கால் சுற்று வழி. மற்ற படகு அதில் போய்விட்டது. சின்ன வாய்க்காலில் போனால் இரண்டு மணி நேரம் மிச்சம், துறைமுகத்தில் முதலில் கால் வைப்பது பைரவியாக இருக்கும். ரஹீம் சாரங் தலையை ஆட்டினார். தண்ணீரைக் காட்டினார். கரைச் சேற்றில் ஈரம் ஒரு முழம் இறங்கியிருந்ததைக் காட்டினார்.

"பாட்டா, சாஹேப். பாட்டா."

வற்றுகிறது என்று அர்த்தம். கடல் தண்ணீரைத் திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது. மணவாளனுக்கு அந்தச் சொல் புரிந்தது. தண்ணீர் போதும் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். சின்ன வாய்க்காலில் திருப்பச் சொன்னார். சாரங் இரண்டாம் முறையும் சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை.

கால் மணி நேரத்தில் பைரவி மணல்திட்டில் ஏறி நின்றது. பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை. எருமை சேற்றில் படுப்பதுபோல் மெதுவாகப் படுத்தது. மணவாளன் இஞ்சின் அறைக்கு மணி அடித்தார், முழு வேகத்தில் பின்னே போகச் சொல்லி. கலியமூர்த்தி கீழே இருட்டில், இஞ்சின் சத்தத்தில் வெளியே என்ன என்று தெரியாமல், கட்டளைப்படி இஞ்சினைப் பின்னோக்கி முடுக்கினார். இஞ்சினைக் குளிர்விக்க ஆற்றுத் தண்ணீரை உறிஞ்சும் குழாய் சேற்றை உறிஞ்சியது. ஐந்தாறு நிமிடத்தில் இஞ்சின் கொதித்து இறுகி நின்றது. அதற்குப் பிறகுதான் கரையிலிருந்த பாகிஸ்தான் காவல் முகாமுக்கு அசையாமல் கிடக்கும் படகு கண்ணில் பட்டது.

ஐந்து பேர் செத்தார்கள். சாரங், சுக்கான் பிடித்தவன், இரண்டு வங்காளி மாணவர்கள், தங்கவேல். தங்கவேல் தன் பீரங்கிமேலேயே சரிந்து கிடந்தான். மணவாளன் அவனைத் தள்ளிவிட்டு அதே பீரங்கியால் சுட்டார். முகாம் அடங்கிய பிறகு மிச்சமிருந்தவர்களை இடுப்பளவு சேற்றில் இழுத்துக்கொண்டு கரை ஏறினார்.

ஒரு வாரத்தில் போர் முடிந்தது. புது நாடு பிறந்தது. தெருவெல்லாம் கொடி. படகில் இருந்த வங்காளிகள் ஆளுக்கொரு பக்கம் வீடு தேடிப் போய்விட்டார்கள். மணவாளன் ஒரு மேசை முன்னால் உட்கார்ந்து அறிக்கை எழுதினார். நடந்தவை மூன்று. படகு தரைதட்டியது, இஞ்சின் நின்றது, எதிரி சுட்டான். அவர் எழுதியதிலும் அதே மூன்றுதான் இருந்தன. எதிரி சுட்டான், பின்வாங்கக் கட்டளை போட்டேன், இஞ்சின் நின்றதால் படகு அடித்துச் செல்லப்பட்டுத் தரைதட்டியது. வரிசையை மாற்றினார், அவ்வளவுதான். சுக்கான் பக்கத்தில் நின்றவர்களில் அவரைத் தவிர யாரும் உயிரோடு இல்லை. மற்ற மூன்று இந்தியர்களும் அப்போது தளத்துக்குக் கீழே இருந்தார்கள், எது முதலில் நடந்தது என்று அவர்களுக்குத் தெரியாது. கீழேயிருந்து மேலே வர அவருக்கு இருபது வருடம் ஆகியிருந்தது. திரும்ப இறங்க ஒரு வரி போதும் என்று அன்று அவருக்குப் பயம்.

இஞ்சின் பராமரிப்பில் கவனக்குறைவு என்று கலியமூர்த்தியின் பதவி குறைந்தது. அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. உறிஞ்சு குழாயை முதல் நாளே கழற்றிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று விசாரணையில் தானே சொன்னார். ஒப்பந்தக் காலம் முடிந்ததும், பென்ஷனுக்கு இன்னும் ஐந்து வருடம் இருக்கும்போது, வெளியே வந்துவிட்டார்.

*

ஜெனரேட்டர் ஓடிய நாளுக்குப் பிறகு மணவாளன் கலியமூர்த்திக்கு நல்லது செய்ய ஆரம்பித்தார். எஸ்டேட்டில் தெரிந்த கம்பெனிகளிலெல்லாம் சொல்லி அவருக்கு வேலை பிடித்துக் கொடுத்தார். அவர் மகள் லோகநாயகிக்கு டைப்பிஸ்ட் வேலை வாங்கிக் கொடுத்தார். தீபாவளிக்கு ஸ்வீட் பெட்டியோடு குமணன்சாவடிக்குப் போனார். கலியமூர்த்தியின் மனைவி நாகம்மா அவரைச் சாமியைப் போல உட்கார வைத்துக் காப்பி கொடுப்பார்.

"எங்கூட்டுக்காரரு செஞ்ச தப்புக்கு வேற ஒருத்தரா இருந்தா மூஞ்சிலகூட முயிக்க மாட்டாங்க சார். நீங்க பெரிய மனசு."

அந்தக் காப்பியை விழுங்கும்போதெல்லாம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பார். சொல்லாமலே ஒரு வருடம் போயிற்று. இன்னொரு வருடமும் போயிற்று. நாள் ஆக ஆக, பொய்யோடு சேர்த்து இத்தனை நாள் சொல்லாததையும் சொல்ல வேண்டியிருந்தது.

எண்பத்தொன்பதில் ஒரு மாலை கலியமூர்த்தி கம்பெனி வாசலில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது. தங்கவேலின் அம்மா பொன்னியம்மா இறந்துவிட்டார். காலையில் எடுத்தார்கள்.

"போயிருந்தியா?"

"தெருமுனைல நின்னு பாத்துட்டு வந்துட்டேன் சார். உள்ள போவ முடியாது."

"ஏன்?"

மணவாளன் அதுவரை கேள்விப்படாத கதையை அப்போதுதான் கலியமூர்த்தி சொன்னார். எழுபத்திரண்டில் லீவில் வந்தபோது நேரே தங்கவேல் வீட்டுக்குப் போயிருக்கிறார். பொன்னியம்மா காலில் விழுந்து, என் இஞ்சின் நின்னதாலதான் உம்புள்ள செத்தான் என்று தன் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் மண்ணை வாரித் தூற்றி, இந்தத் தெருவில் இனி உன் கால் படக்கூடாது என்று சொல்லிவிட்டாள். கலியமூர்த்தியின் வீடும் அதே தெரு. ஒரே மாதத்தில் மனைவியையும் மகளையும் குமணன்சாவடிக்குக் குடிமாற்றினார். அப்பா செத்தபோதுகூடத் தெருவுக்குள் நுழையாமல் சுடுகாட்டுக்கு நேரே போனார்.

"அது என்னை மன்னிச்சிருக்கும்னு நெனச்சிகினு இருந்தேன் சார். இனிமே கேக்க முடியாது இல்ல."

பதினெட்டு வருடம். அதில் கடைசி மூன்று வருடம் மணவாளன் கையில் இருந்தது. கோவில்பதாகையிலிருந்து கள்ளிக்குப்பம் போக சைக்கிளில் முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அவர் போய்ச் சொல்லியிருந்தால் அந்த அம்மாள் கேட்டிருப்பாள். அன்றும் அவர் கலியமூர்த்தியின் தோளைத் தட்டிக் கொடுத்து அனுப்பினாரே தவிர வாயைத் திறக்கவில்லை.

*

தொண்ணூற்றொன்று டிசம்பரில், போர் முடிந்து இருபது வருடம் ஆனதற்கு ஆவடியில் முன்னாள் படைவீரர்கள் ஒரு விழா வைத்தார்கள். சங்கச் செயலாளர் பக்தவத்சலம் தரைப்படை ஹவில்தாராக இருந்தவர். மேடைப் பேச்சில் ஆர்வம் உள்ளவர். மணவாளனுக்குப் பொன்னாடை போர்த்தி, பழைய பத்திரிகைச் செய்தியை மைக்கில் வாசித்தார்.

"எந்திரம் கைவிட்ட அந்த நேரத்திலும் கலங்காத நெஞ்சத்தோடு நம் கமாண்டர்..."

பின் வரிசையில் ஒருவர் எழுந்து நிற்பது மணவாளனுக்கு மேடையிலிருந்து தெரிந்தது. கலியமூர்த்தி. அவரை யார் அழைத்தார்கள் என்று தெரியவில்லை. வெள்ளைச் சட்டை, பித்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார்.

"ஐயா, ஒரு வார்த்தை சொல்லணும்" என்றார். மைக் இல்லாமலே குரல் கேட்டது. "அந்த எந்திரத்துக்கு ஆளு நான்தான். என் கவனக்கொறவுலதான் அஞ்சி உசுரு போச்சி. சார் எங்கள எல்லாம் காப்பாத்துனாரு. இத்தினி பேர் முன்னாடி மன்னிப்பு கேட்டுக்கறேன்."

யாரோ கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். மனிதர் எவ்வளவு நேர்மையானவர் என்று பக்கத்து நாற்காலிக்காரர் மணவாளன் காதில் சொன்னார். மைக் அவருக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. பொன்னாடையின் சரிகையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி பஞ்சவர்ணம் பூவைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"அந்தாளு எய்ந்து நின்னு பேசும்போது நீங்க ஏன் தலைய குனிஞ்சிகினீங்க?"

முப்பத்தைந்து வருடம் கூட வாழ்ந்தவர். வேறு பதில் சொன்னால் நிற்காது. மணவாளன் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார், சாரங் தண்ணீரைக் காட்டியதிலிருந்து. பஞ்சவர்ணம் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த பதக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

"என்னாண்ட சொல்லி இன்னா பிரயோஜனம். சொல்ல வேண்டிய ஊடு குமணஞ்சாவடில கீது."

*

மறுநாள் காலை அவர் போனபோது கலியமூர்த்தி கடை வாசலில் தரையில் உட்கார்ந்து ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார். ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். மணவாளன் உட்காரவில்லை.

"கலியமூர்த்தி, அன்னிக்கு இஞ்சின் நின்னதால படகு தரைதட்டல. தரைதட்டினதாலதான் இஞ்சின் நின்னுது."

கலியமூர்த்திக்குப் புரியவில்லை. ஸ்பேனரோடு நிமிர்ந்து பார்த்தார்.

"சின்ன வாய்க்கால்ல போவாதன்னு சாரங் சொன்னாரு. தண்ணி வத்துதுன்னு சொன்னாரு. நான் கேக்கல. மணல்ல ஏத்திட்டேன். அப்புறம்தான் பின்னே போகச் சொல்லி மணி அடிச்சேன். சேத்த உறிஞ்சித்தான் உன் இஞ்சின் போச்சி. உம்மேல தப்பே இல்ல. ரிப்போர்ட்டுல நான் மாத்தி எழுதிட்டேன்."

பெங்களூர் ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கலியமூர்த்தி கந்தல் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக் கை விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அவர் கேட்ட முதல் கேள்வி ஒரு மெக்கானிக்கின் கேள்வியாக இருந்தது.

"நான் ரிவர்ஸ் போட்டப்போ அடி மணல்ல இருந்திச்சா?"

"இருந்தது."

"அப்ப எவன் இருந்தாலும் நின்னிருக்கும்."

"ஆமா."

"முன்னாடி நாளு நான் கொயாய கயட்டிப் பாத்திருந்தாலும் நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்."

கலியமூர்த்தி தலையை மெல்ல ஆட்டினார். இருபது வருடமாக அந்தக் குழாயை மனதுக்குள் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தவர். கடைக்குள்ளிருந்து நாகம்மா வெளியே வந்து நின்றதை இருவருமே கவனிக்கவில்லை.

"இருவது வருசம்" என்றார் நாகம்மா. சத்தம் போடவில்லை. "மோட்டார் சத்தம் சட்டுனு நின்னா இந்தாளு சோத்துல கைய வெச்சிகினு அப்பிடியே ஒக்காந்துடுவாரு. ஒம்போதாந்தேதி ஆனா தண்ணிகூட குடிக்க மாட்டாரு. எங்கையால உங்களுக்குக் காப்பி போட்டுக் குடுத்தேன்."

மணவாளன் கைகூப்பினார். கலியமூர்த்தி அதைப் பார்க்க விரும்பாதவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என் பதவிக்காகவோ பென்சனுக்காகவோ நான் கேக்கல. தங்கவேல் அம்மா கால்ல வியுந்தேன். அந்தக் கெயவி மண்ண வாரித் தூத்துனப்போ, தூத்தட்டும், நாம பண்ணதுக்கு இது கம்மின்னு நெனச்சேன். அத்த இன்னா பண்ணுவீங்க?"

கலியமூர்த்தி தரையிலிருந்து எழுந்தார்.

"தங்கவேல் தங்கச்சி சொர்ணம் கீது. அதே ஊட்லதான் கீது. வாங்க. என்னாண்ட சொன்னத அதாண்ட சொல்லுங்க."

சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். இருவரும் இரண்டு பஸ் மாறிப் போனார்கள். கள்ளிக்குப்பத்தில் அந்தத் தெருமுனைக்கு வந்ததும் கலியமூர்த்தியின் கால் தயங்கியது. மணவாளன் முன்னால் நடந்தார்.

சொர்ணத்துக்கு நாற்பதைத் தாண்டியிருக்கும். எக்ஸ்போர்ட் கம்பெனியில் துணி தைக்கும் வேலை. ஞாயிறு என்பதால் வீட்டில் இருந்தார். வாசலில் கலியமூர்த்தியைப் பார்த்ததும் முகம் மாறியது. அவர் வாயைத் திறப்பதற்குள் மணவாளன் தான் யார் என்று சொல்லி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். உள்சுவரில் தங்கவேல் வெள்ளைச் சீருடையில் சிரித்துக்கொண்டிருந்தான். இந்த முறை மணவாளன் எந்த வார்த்தையையும் மென்மையாக்கவில்லை. உங்க அண்ணன் என்னாலதான் செத்தான் என்று முடித்தார்.

சொர்ணம் அவரைப் பார்க்கவே இல்லை. கலியமூர்த்தியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா கடைசில படுக்கைல கெடந்தப்போ கலியமூர்த்திய கூப்ட்டு வான்னு சொல்லிச்சி அண்ணா. ரெண்டு நாளு சொல்லிச்சி. அவனும் எம்புள்ளதானன்னு சொல்லிச்சி. நான்தான் போவல. எங்கண்ணன சாவடிச்சவன எதுக்கு கூப்டணும்னு நான்தான் வுட்டுட்டேன்."

கலியமூர்த்தி வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின. சொர்ணமும் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எதிர் வீட்டிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். மணவாளன் வெயிலில் நின்றார். அந்த அழுகையில் அவருக்குப் பங்கு இல்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொர்ணம் எழுந்து, "உள்ள வா அண்ணா, சாப்ட்டு போவலாம்" என்று கலியமூர்த்தியின் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். கதவு திறந்தேதான் இருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. அவர் தனியாக பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார்.

*

தொண்ணூற்றிரண்டு ஜனவரியில் கடற்படைத் தலைமையகத்துக்கு ஆறு பக்கக் கடிதம் எழுதி, பதக்கத்தையும் சேர்த்துப் பதிவுத் தபாலில் அனுப்பினார். ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் கோப்பில் சேர்க்கப்பட்டது, இவ்வளவு காலத்துக்குப் பின் மறு விசாரணை சாத்தியமில்லை என்று நாலு வரி. கூடவே பதக்கமும் திரும்பி வந்திருந்தது. அவர் அதை மறுபடி மாட்டவில்லை. பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்துவிட்டார்.

படைவீரர் சங்கத்தின் மாதக் கூட்டத்திலும் எழுந்து சொன்னார். பக்தவத்சலம் பதறிப்போனார். "இப்ப எதுக்கு சார் இதெல்லாம், யாருக்குத் தெரியப்போவுது" என்று கேட்டார். சிலர் அதன் பிறகு அவர் பக்கத்தில் உட்காரவில்லை. சிலர் முன்பைவிட மரியாதை கொடுத்தார்கள். இரண்டாவதுதான் அவருக்கு அதிகமாகக் கூசியது. சங்கத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டார். ஊர் மட்டும் கமாண்டர் என்று கூப்பிடுவதை நிறுத்தவில்லை.

தொண்ணூற்று நாலில் லோகநாயகிக்குக் கல்யாணம். மணவாளனுக்குப் பத்திரிகை தபாலில் வந்தது. யாரும் நேரில் வந்து வைக்கவில்லை. போவதா வேண்டாமா என்று யோசித்தவரைப் பஞ்சவர்ணம்தான் கிளப்பினார். மண்டபம் கள்ளிக்குப்பத்தில். முன் வரிசையில் சொர்ணம் அத்தை முறைக்கு நின்று எல்லா வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெருக்காரர்கள் கலியமூர்த்தியைச் சுற்றி நின்று கேலி பேசினார்கள். அவர் சிரிப்பதை மணவாளன் இருபத்துமூன்று வருடத்துக்குப் பிறகு பார்த்தார்.

பந்தி முடியும் நேரத்தில் கலியமூர்த்தி அவர் இருந்த கடைசி வரிசைக்கு வந்தார். பஞ்சவர்ணத்துக்கு வணக்கம் சொன்னார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்த சாரங், போவாதன்னு சொன்னாரே. அவரு ஊரு இன்னா? பொண்டாட்டி புள்ளைங்க கீறாங்களா?"

ரஹீம் என்ற பெயரைத் தவிர மணவாளனுக்கு எதுவும் தெரியாது. ஒரு மாதம் தோளோடு தோள் நின்றவர். அந்த நாட்டின் விடுதலைக்காக நரைத்த வயதில் சுக்கான் பக்கம் வந்து நின்றவர். உங்கள் ஊர் எது என்று மணவாளன் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"தெரியாது" என்றார்.

"அவங்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. பெரியவரு சரியாத்தான் சொன்னாருன்னு."

"மாட்டாங்க."

யாரோ கூப்பிட, கலியமூர்த்தி எழுந்து போனார்.

அதற்குப் பிறகு மணவாளன் டாக்காவுக்குக் கடிதங்கள் எழுதத் தொடங்கினார். விடுதலைப் போர் வீரர்களின் சங்கங்கள், பத்திரிகைகள், துறைமுக அலுவலகம் என்று விலாசம் கிடைத்த இடத்துக்கெல்லாம். ரஹீம், வயது அறுபது இருக்கும், படகோட்டி, பைரவி என்ற படகில் எழுபத்தொன்று டிசம்பர் ஒன்பதாம் தேதி இறந்தார், அவர் குடும்பத்தாருக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும் என்று எழுதினார். இரண்டு இடங்களிலிருந்து பதில் வந்தது. இரண்டும் அன்பான பதில்கள். ரஹீம் என்ற பெயரில் தங்கள் பட்டியலில் நூற்றுக்கும் மேல் இருக்கிறார்கள், அப்பா பெயரும் ஊரும் தெரிந்தால் தேடித் தருகிறோம் என்று கேட்டிருந்தார்கள்.